முடியாது அண்ணன்

வளைகுடாவில் ‘இல்லை’ என்று சொல்ல எங்களிடம் ஏழெட்டு வார்த்தைகள் இருந்தன. ‘ஓகே சார்’ என்போம். ‘அச்சா பாய்’ என்போம். ‘டிரை பண்றேன்’ என்போம். ‘இன்ஷா அல்லாஹ்’ என்போம். அதையும் என்னைப் போல் நெற்றியில் திருநீறு வைத்தவன்தான் மற்றவர்களைவிட உருக்கமாகச் சொல்வான். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: இது நடக்காது, ஆனால் நடக்காது என்று நான் சொன்னதாக இருக்க வேண்டாம்.

அவர் மட்டும் ‘முடியாது’ என்பார்.

தமிழிலேயே சொல்வார். எதிரில் நிற்பவர் எந்த நாட்டவர் என்பது அவருக்குப் பொருட்டில்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். கட்டுமரத்தில் வளர்ந்த கால்கள். டைல்ஸ் தரையிலும் சற்று அகட்டியே நடப்பார். வாயைத் திறந்தால் அலைக்கு மேலே கூப்பிடுகிற குரல். தமிழ் தெரியாத எங்கள் மேனேஜர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல்லும் கடைசித் தமிழ்ச் சொல்லும் அதுதான். காலையில் வந்ததும் என்னிடம், “தும்ஹாரா முடியாது கிதர் ஹை?” என்பார். உன்னுடைய ‘முடியாது’ எங்கே? ஏதோ நான் ஊரிலிருந்து கொண்டுவந்து கட்டிப்போட்டிருக்கிற ஆடு மாதிரி.

எங்கள் கம்பெனி நீச்சல்குளங்களைப் பராமரிக்கிற கம்பெனி. தேரா என்கிற பேட்டையில் ஆபீஸ். அங்கே அவர் டெக்னீஷியன், நான் கோஆர்டினேட்டர். அதாவது தண்ணீரைத் தொடாமல் தண்ணீரில் பிழைக்கிறவன். எனக்கு நீச்சலும் தெரியாது. குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்குக் குளத்தை மூடுவார்களாம். இங்கே வெயிலுக்கு மூடுகிறோம். ஜூன் மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய வில்லாக்காரர்கள் குடும்பத்தோடு குளிர்ந்த தேசங்களுக்குப் பறந்துவிடுவார்கள். குளத்துத் தண்ணீரோ ரசம் நுரைகட்டுகிற பதத்துக்கு வந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, மருந்து போட்டு, பம்பை நிறுத்தி, மணல் விழாமல் மேலே பாய் இழுத்துக் கட்டி மூட வேண்டும். செப்டம்பரில் அவர்கள் திரும்பும்போது திறக்க வேண்டும். இந்த இரண்டு சீசன்தான் எங்களுக்குத் தீபாவளியும் கருமாதியும்.

குளத்தை அவர் மதித்ததே இல்லை. “சவம்” என்பார். “தண்ணின்னா அதுக்கு ஒரு கோவம் வேணும் சாரே. நம்மள பாத்து ஒரு தடவையாவது சீறணும். இது என்னத்த, கட்டிப்போட்ட சவம்.” ஆனால் அந்தச் சவத்தை அவர் கவனித்துக்கொண்ட மாதிரி எங்களில் யாரும் கவனித்துக்கொண்டதில்லை.

குளம் மூடுவதற்கு எங்களிடம் ஒரு படிவம் இருந்தது. ஏதோ ஒரு பனிதேசத்திலிருந்து வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு கேள்விகள். அதில் பதினான்காவது கேள்வி: ‘குழாய்களில் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகாமல் இருக்க ஏற்பாடு செய்யப்பட்டதா?’ வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. கார்க் கதவைத் தொட்டால் கை பொத்துப்போகும். எல்லா டெக்னீஷியன்களும் ‘ஆம்’ என்று டிக் போட்டார்கள். ‘இல்லை’ போட்டால் கம்ப்யூட்டர் படிவத்தை ஏற்றுக்கொள்ளாது.

அவர் அந்த இடத்தில் குறுக்கே கோடு கிழித்து, ‘ஐஸ் இல்ல’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

“அண்ணே, இது சும்மா ஃபார்மாலிட்டி. ஒரு டிக் போட்டா என்ன கொறஞ்சுடும்?”

“ஐஸ எங்க சாரே பாத்தீரு?”

“நான் எங்கயும் பாக்கல. படிவம் கேக்குது.”

“நாளைக்கி குளத்துல திமிங்கிலம் நிக்குதான்னு கேட்டா, அதுக்கும் ஆமான்னு போடுவீரா? முடியாது. செய்யாதத செஞ்சேன்னு எழுத என்னால முடியாது.”

அவர் போனதும் நான் கம்ப்யூட்டரில் ‘ஆம்’ என்று அழுத்தினேன். ஆறு வருஷம் அப்படித்தான். அவருடைய நேர்மைக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, அரபுப் பாலைவனத்தில் இல்லாத பனிக்கட்டியை நான் காவல் காத்தேன். ஊரில் எம்.ஏ. தமிழ் படித்தவன் நான். இந்த வேலைக்கு அது பெரிதும் உதவியது.

ஒரு செப்டம்பர். ஒரு பெரிய வில்லாவில் குளம் திறக்க வேண்டும். அன்று சாயங்காலம் அந்த வீட்டுப் பெண்குழந்தைக்குப் பிறந்தநாள். பலூன் கட்டியாயிற்று. முப்பது பிள்ளைகள் நீச்சலுடையோடு வந்தாயிற்று. குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சுகிற துவாரத்தின் மூடி உடைந்திருந்தது. அவர் பம்பைப் போட மறுத்தார். பம்பைப் போடாமல் பிள்ளைகள் இறங்கட்டும் என்றால், கலங்கின தண்ணீரில் அடி தெரியாது, அதுவும் கூடாது என்றார். அந்த வீட்டு மேடம் எனக்குப் போன் செய்தார். எனக்குத் தெரிந்த மொழிகள் எல்லாவற்றிலும் திட்டினார். நான் டாக்ஸி பிடித்துப் போனேன். இவர் யூனிஃபார்மோடு குளத்தின் படியில், முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். முப்பது பிள்ளைகளும் அவரைச் சுற்றி நின்று முறைத்துக்கொண்டிருந்தன.

“அண்ணே, எந்திரிங்க. மானம் போகுது.”

“மூடி வரட்டும்.”

“மூடி நாளைக்குத்தான் வரும். அவங்க ரெண்டு மணி நேரம் விளையாடிட்டுப் போயிடுவாங்க. யாரு அடியில போகப் போறா?”

அப்போதுதான் எழுந்தார். என் முகத்துக்கு நேரே வந்து, அந்தக் கடற்குரலில் கத்தினார். “ஒரு புள்ளைக்க முடி அந்தத் தொளைக்குள்ள போச்சின்னா என்ன ஆவும்னு தெரியுமா வேய் உமக்கு? அது விடாது. இழுத்துப் பிடிச்சிக்கும். முடி மாட்டுனா முடிஞ்சிது. உம்ம அச்சாவும் ஓகே சாரும் வந்து புள்ளைய தூக்கித் தருமா?”

மூடி அன்றைக்கே வந்தது. நான்தான் ஷார்ஜா வரை அலைந்து வாங்கிவந்தேன். பிள்ளைகள் இருட்டுகிற நேரத்தில் இறங்கினார்கள். மறுநாள் மேடத்திடமிருந்து புகார் வந்தது. மேனேஜர் மெமோ அடிக்கச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் ‘மனப்போக்கு’ என்று எழுதினேன். இங்கிலீஷில் அந்தச் சொல் இன்னும் கம்பீரமாக இருக்கும். ஒரு குழந்தையின் தலைமுடியைக் காப்பாற்றியதற்கு ஒருவருக்கு மெமோ கொடுத்த கையும், இப்போது இதை எழுதுகிற கையும் ஒன்றுதான். இதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

மெமோவை வாங்கி அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “எழுத்து நல்லா இருக்கு சாரே” என்றார். அவ்வளவுதான்.

இனி அந்த ஜூன் மாதம்.

ஜூன் கடைசி வாரத்தில் ஒரு நாளைக்கு முப்பது குளங்களை மூடுவோம். டெக்னீஷியன்களில் பாதிப்பேர் தமிழர்கள். ஆளாளுக்குப் போன் செய்து என் உயிரை வாங்காமல் இருக்க, நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஒரு வாட்ஸாப் குழு. குளம் மூடியாயிற்று என்றால் ‘முடிஞ்சது’ என்று ஒரு வார்த்தை. மூடவில்லை என்றால் ‘முடியல’ என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் எழுதக் கூடாது. இதை நான் மிகப் பெருமையாக நினைத்தேன். ‘முடிஞ்சிது’ என்று எழுதியவர்களைத் திருத்தவும் செய்தேன். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு ஒற்றுப்பிழை பார்க்கிறவன் அல்லவா.

அவர் அந்தக் குழுவில் எதையும் எழுதியதில்லை. போன் செய்து கத்துவார். அதுதான் அவருடைய வழி.

அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய வில்லா. அங்கே பம்ப் அறை தரைக்குக் கீழே. புல்தரையில் ஒரு இரும்பு மூடி. அதைத் தூக்கினால் ஏணி. ஏணிக்குக் கீழே இரண்டு பேர் நிற்கிற பள்ளம். உள்ளே காற்றை இழுத்து வெளியே விட ஒரு ஃபேன் உண்டு. அது போன வருஷமே செத்துவிட்டது. மூன்று தடவை அவர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார். ஃபேன் எங்கள் பொறுப்பா, வில்லாக்காரர் பொறுப்பா என்று மெயில் ஓடிக்கொண்டிருந்தது.

மூடுகிற வேலை காலையிலேயே நடந்திருக்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை நீந்தப் பிரியப்பட்டார்களாம். நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் அவர்களுக்கு ஃப்ளைட், இரண்டரைக்கே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் மூடிய குளத்தின் போட்டோ வேண்டும். அவர் போன் செய்தார்.

“முடியாது சாரே. ஃபேன் இல்லாம இந்த நேரத்துல எறங்க முடியாது. மூணு மணிக்கி மேல பாப்போம்.”

பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை கோடையில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். மேனேஜரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அரே பாய், அந்தர் தூப் கஹான் ஹை?” உள்ளே வெயில் எங்கே இருக்கிறது?

உண்மைதான். பள்ளத்துக்குள் வெயில் இல்லை. வெயில் வெளியே இருந்தது. உள்ளே அதன் சூடு மட்டும்தான் இருந்தது. சட்டம் வெயிலைத்தான் தடுத்தது. சொற்களை இப்படிச் சல்லடை போட்டுச் சலிக்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அன்றைக்கு நான் “அச்சா சார்” என்றேன்.

போனில் அவரிடம், “அண்ணே, அரைமணி நேர வேலை. எனக்காக” என்றேன்.

அந்தப் பக்கம் இரும்பு மூடியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, “உமக்காக எறங்குகேன்” என்றார். “ஒண்ணு சொல்லுகேன், கேட்டுக்கும். என்னால முடியலேன்னா உமக்குச் சொல்லுவேன். ஒடனே மேல ஒரு ஆள அனுப்பணும். அந்த வீட்டுத் தோட்டக்கார பையாவ கூப்புட்டாவது.”

“கண்டிப்பா அண்ணே.”

எனக்காக என்று நான் கேட்டதால், ஆறு வருஷத்தில் முதன்முறையாக அவர் ‘முடியாது’ என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஒன்று பத்துக்குக் குழுவில் அவரிடமிருந்து ஒரு செய்தி. பள்ளத்துக்குள் போனில் பேச்சு கேட்காது. எழுத்து மட்டும் எப்படியோ வெளியே ஊர்ந்து வந்துவிடும்.

‘முடியல.’

அதற்கு மேலே இன்னொருவரின் ‘முடிஞ்சது’. கீழே வேறு இரண்டு பேரின் ‘முடியல’. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் அடித்தேன்: ‘முடிச்சுட்டு போட்டோ அனுப்புங்க.’ பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன்.

அவர் எழுதுகிற ஆளே இல்லை என்பது எனக்குத் தெரியும். ‘என்னால முடியலேன்னா சொல்லுவேன்’ என்று அவர் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ‘முடியாது’ என்பவன் நிற்கிறான், ‘முடியல’ என்பவன் விழப்போகிறான் என்ற வித்தியாசத்தை வகுப்பெடுத்து விளக்கக்கூடியவன் நான். குழாயில் ஐஸ் இருக்கிறதா என்று கேட்கிற படிவத்துக்கும் எனக்கும் அந்த நிமிஷத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

மோட்டார் பாதியில் நின்ற சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவன் தோட்டக்காரன், வங்காளத்துக்காரன். தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை அவர் கக்கத்துக்குக் கீழே கட்டி, வாட்ச்மேனையும் கூப்பிட்டு, இழுத்து மேலே போட்டிருக்கிறான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, இனி சூட்டில் வேலை கூடாது என்றார் டாக்டர். சூடு இல்லாத வேலை எங்கள் கம்பெனியில் மேனேஜருக்கும் எனக்கும் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அனுப்ப முடிவாயிற்று. அதற்கு முன் ஒரு விபத்து அறிக்கை எழுத வேண்டும்.

மேனேஜர் என் போனை வாங்கி அந்தச் செய்தியைக் காட்டினார். “இதற்கு என்ன அர்த்தம்?”

அவர் கேட்ட குரலிலேயே அவருக்கு வேண்டிய அர்த்தம் இருந்தது. ‘வேலை இன்னும் முடியவில்லை’ என்றால், தொழிலாளி வழக்கமான தகவல் கொடுத்தார், ஆபீஸ் வழக்கமான பதில் கொடுத்தது. யார் மேலும் தப்பில்லை. ‘என்னால் முடியவில்லை’ என்றால், உதவி கேட்டவனுக்கு ஒருவன் கட்டைவிரல் காட்டியிருக்கிறான்.

“வேலை முடியவில்லை என்று அர்த்தம் சார்” என்றேன்.

அறிக்கை தயாரானது. கையெழுத்துப் போட அவரை வரச்சொன்னோம். இளைத்திருந்தார். கால் அகட்டி நடப்பது மட்டும் மாறவில்லை. என்னை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அந்த வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“முடியாது” என்றார்.

வரவேற்பறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையிலும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். குளத்துப் படியில் உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கம்பெனி டிக்கெட் போட்டுவிட்டது, கையெழுத்து வேண்டும். மேனேஜர் என்னை அழைத்து, “உன்னுடைய முடியாதுக்கு என்ன வேண்டுமாம், கேள்” என்றார்.

போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“என்ன வேணும் அண்ணே?”

“நான் சொன்னத எழுதணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“எழுதுனா மட்டும் உங்களுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா?”

“எனக்கு எதுக்கு? எனக்குத்தான் முடிஞ்சி போச்சே. என்னால முடியலன்னு சொன்னேன்னு எழுதும். ஏன் முடியலன்னு அவனுவ கேப்பானுவ. ஃபேன் இல்லன்னு எழுதும். அப்பம்தான் அடுத்தால எறங்குகவனுக்கு ஃபேன் வரும். வேல முடியலன்னு எழுதுனா? இன்னொருத்தன எறக்கி முடிப்பானுவ.”

அவரை அழைத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். திருத்திச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். “முதலில் ஒன்று சொன்னாய். இப்போது என்ன சொல்கிறாய்?”

ஆறு வருஷத்துப் பழக்கம் என் வாயில் ஏறி உட்கார்ந்தது. “இரண்டு அர்த்தமும் உண்டு சார்” என்று சிரித்தேன். “தமிழ் அப்படிப்பட்ட பாஷை.”

இதை இந்தியில்தான் சொன்னேன். ஆறு வருஷத் தொழிலாளர் கேம்ப் வாழ்க்கையில் அந்த அளவு இந்தி அவருக்கும் வந்திருந்தது. என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் இன்றைக்கு எனக்கு என் மேலேயே இவ்வளவு கோபம் இருந்திருக்காது. மெதுவாகச் சொன்னார்.

“தமிழு மேல பழிய போடாதேயும் சாரே.”

அறிக்கையைக் கையெழுத்தில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவரை அப்படியே விமானம் ஏற்றி அனுப்பினார்கள். மேனேஜருக்கு என் விளக்கம் மிகவும் பிடித்துப்போனது. அறிக்கையில் விபத்துக்குக் காரணம் ‘தெளிவற்ற தகவல் பரிமாற்றம்’ என்று ஆயிற்று. அடுத்த வாரம் ஒரு சர்க்குலர் வந்தது: இனிமேல் தொழிலாளர்கள் இங்கிலீஷில் மட்டுமே செய்தி அனுப்ப வேண்டும். அதைத் தயாரித்தவனும் நான்தான். எழுத்து நன்றாக இருந்தது.

அந்த வில்லாவின் மூடும் படிவம் இன்றும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். தேதி, அவர் சூட்டில் சுருண்டு விழுந்த அதே தேதி. பதினான்காவது கேள்வி: பனிக்கட்டி உறையாமல் இருக்க ஏற்பாடு செய்யப்பட்டதா? ஆம். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நான் அழுத்திய ஆம்.

இப்போது அந்தப் பள்ளத்தில் ஒரு நேபாளி இறங்குகிறார். ‘ஓகே சார்’ என்பார். வேறு எதுவும் சொன்னதில்லை. மேனேஜருக்கு அவரை மிகவும் பிடிக்கும். ஜூன் மாதத்தில் அவர் இறங்கி ஏறுகிற வரையில் நான் சாப்பிடுவதில்லை. இது பிராயச்சித்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் சாப்பிடாமல் இருப்பதால் பள்ளத்துக்குள் காற்று போய்விடாது.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் கடைசியில் ஊரிலிருந்து எனக்கு ஒரு செய்தி வரும். நலமா என்று கேட்கமாட்டார். மூன்றே வார்த்தை: ‘சாரே, ஃபேன் போட்டாச்சா?’

மெயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நான் ஒரே பதிலைத்தான் அனுப்பிவந்தேன். இந்த வருஷமும் அதையே அடித்தேன்: ‘இன்னும் முடியல அண்ணே.’

மற்ற வருஷங்களில் அத்தோடு போய்விடும். இந்த முறை உடனே பதில் வந்தது.

‘எந்த முடியல?’